மேற்படி மயிலுக்கு ஒரு கவிதை

தை பிறந்த அன்று நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். இந்த வருஷம் முடிவதற்குள் என் மனைவி கோகிலவாணி, என் கவிதை ஒன்றைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

என் வயசுக்காரர்கள் காசிக்குப் போக வேண்டும், காரு வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நான் ஆசைப்பட்டது இரண்டு வார்த்தைக்கு. காசிக்குப் போவது இதைவிட சுலபம் என்று எனக்கு அப்போது தெரியாது.

என் பெயர் மதியழகன். பாலக்கோட்டில் பத்திரம் எழுதுகிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் என் கை பட்டால்தான் நகரும். இருபத்தாறு வருஷமாகத் தினமும் தமிழில் எழுதி, அதிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முழுநேர எழுத்தாளன் என்று இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கவிதை எனக்குள் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். 'மலையோரக் கவிஞர் வட்டம்' என்று ஒரு வாட்ஸப் குழுவில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். காடு, மலை, பறவை, ஆடு, மாடு, வீட்டு ஓட்டில் ஓடும் ஓணான் என்று எல்லாவற்றையும் பற்றி அதில் எழுதுவார்கள். ஏரியூர் செல்லம்மாள் ஆட்டைப் பற்றி எழுதுவார். வத்தல்மலைக்காரர் ஒருவர் காபிப் பூவைப் பற்றி எழுதுவார், பூ உதிர்ந்த பிறகும் எழுதுவார். நான் அணிலில் ஆரம்பித்தேன். நூற்று நாற்பது பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது பித்து.

தொழில் தோஷம் ஒன்று மட்டும் விடவில்லை. நான் எதை எழுதினாலும் பத்திர வாசனை வந்துவிடும். சூரியனைப் பற்றி எழுதினால், 'நாளது தேதியில் உதித்த சூரியனே' என்றுதான் கை ஆரம்பிக்கும். அதுதான் என் தனித்தன்மை என்று நான் வைத்துக்கொண்டேன்.

வாணி அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

"வாணி, அணிலப் பத்தி எழுதியிருக்கேன். கேளு."

"அணிலா? மாதுளைய பூரா தின்னுட்டுதே, அத எழுதியிருக்கீங்களா?"

"அது இல்ல. அதோட முதுகுல இருக்கற மூணு கோட்டப் பத்தி."

"கோடு இருந்தா என்னாங்க, தின்னது தின்னதுதான?"

மைனாவைப் பற்றிப் படித்தேன். ரேசனில் பாமாயில் போடுகிறார்களாம், பார்த்துவிட்டு வாங்க என்றாள். உடும்பைப் பற்றிப் படித்தேன். தொண்டை கரகரன்னு இருக்குது, கஷாயம் வைக்கட்டுங்களா என்றாள். நன்றாக இல்லை என்றுகூட அவள் சொன்னது கிடையாது. அதைச் சொன்னாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் மயில் வந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், நாற்பது சென்ட் கொல்லை. அதில் வாணி தக்காளி வைத்திருக்கிறாள். எங்கள் பக்கம் நிலத்தைக் கொல்லை என்றுதான் சொல்வோம். காட்டுப்பன்றிக்குப் பயந்து, சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறோம். காற்றில் சேலை ஆடினால் ஆள் நிற்கிறது என்று பன்றி திரும்பிப் போய்விடும். மயில் அப்படியெல்லாம் ஏமாறுவதில்லை. சேலையை ஒரு பார்வை பார்க்கும். தன் உடுப்பு அதைவிட நன்றாக இருக்கிறது என்று அலட்சியமாகத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

மயில் ஒரு பழத்தை முழுசாகத் தின்றாலும் மனசு ஆறும். அது அப்படிச் செய்யாது. பத்துப் பழத்தில் பத்துக் கொத்து. கொத்து விழுந்த பழத்தை மார்க்கெட்டில் யாரும் தொடமாட்டார்கள். அடிக்கவும் கூடாது, கேஸாகிவிடும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஆள் நின்று கத்தி விரட்ட வேண்டும், வேறு வழியில்லை. வாரத்தில் ஆறு நாள் வாணி நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆபீஸ் கிடையாது. அதனால் ஞாயிறு என் முறை.

பங்குனி மாசம் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு தர்மபுரியில் கவியரங்கம். தலைப்பு, காட்டுயிரும் நம் வீட்டு வாழ்வும். தலைமை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் முனியப்பன் ஐயா. சிறந்த கவிதைக்குப் பொன்னாடை.

பொன்னாடை என்றதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. பொன்னாடைக்கு வாணி மரியாதை கொடுப்பாள். அவள் கூடப்பிறந்த அண்ணனுக்கு எப்போதோ ஊர்ப் பள்ளிக்கூட விழாவில் போர்த்தியதை வாங்கிவந்து, பாச்சா உருண்டை போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். நான் ஒன்றைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றால், அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் எங்கே போவாள்?

அன்றைக்கே எழுதினேன். மயிலைப் பற்றித்தான்.

மலைமேல் வாழும் மயிலே, மேற்படி மயிலே,
வடக்கே மலை, தெற்கே ஓடை,
கிழக்கே கதிரவன், மேற்கே வெண்ணிலா,
இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய என் நெஞ்சத்தை
இன்று முதல் நீயே ஆண்டு அனுபவித்துக்கொள்வாயாக.

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துப் படித்து, பதிந்து, வாணியின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். அடுப்படியில் அதைக் கேட்டாள். எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"அது ஏற்கெனவே அனுபவிச்சுட்டுத்தாங்க இருக்குது."

நான் விடவில்லை.

"வாணி, ஞாயித்துக்கெழம தர்மபுரி வரைக்கும் ஒரு வேல இருக்குது."

"என்னா வேல?"

"இலக்கிய வேல."

"ஆறு நாளு நான் நிக்கறேன், ஒரு நாளு நீங்க. இலக்கியத்த திங்கக்கெழம வச்சுக்கச் சொல்லுங்க."

இதற்குமேல் நேர்வழியில் போகிறவன் வீட்டுக்காரன் இல்லை. குறுக்குவழியை யோசித்தேன். பக்கத்துக் கொல்லை கருப்பண்ணனுடையது. ஊர் முறைப்படி என் மனைவிக்கு அண்ணன், எனக்கு மச்சான். முன்பு டெம்போவில் காய்கறி விற்றவன். 'தக்காளி, கத்திரிக்கா, வெண்டக்கா' என்று ஒரு தடவை பேசிவிட்டால், தானாகவே திரும்பத் திரும்பக் கத்துமே, அந்தக் குழாய் மைக் ஒன்று அவனிடம் சும்மா கிடந்தது.

"எதுக்கு மச்சான்?" என்றான்.

"மயிலோட்ட" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

என் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடுவில் கருப்பண்ணனின் கரும்பு ஆளுயரத்துக்கு நிற்கிறது. அதனால் கொல்லையில் நிற்கிற ஆள் வீட்டுக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். குழாயை வேப்பமரத்தில் கட்டி என் குரலை ஓடவிட்டால் மயிலும் போகும், வாணியும் நான் அங்கேதான் நிற்கிறேன் என்று நினைப்பாள். நான் தர்மபுரியில் பொன்னாடை வாங்கிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓடைப்பக்கம் போய்ப் பதிந்தேன். 'ஹோய், ஹோய், ஏய் போ, ஓடு' என்று கொஞ்சம். நடுவில் ஒரு இருமல். 'அப்பாடா, என்னா வெயிலு' என்று ஒரு பெருமூச்சு. சும்மா கத்திக்கொண்டே இருந்தால் சந்தேகம் வருமே. பத்திரம் எழுதுகிறவன் எந்தச் சந்துபொந்தையும் திறந்து வைக்கமாட்டான். வாணி சோற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? அதையும் அடைத்தேன். 'வாணி, எனக்குப் பசிக்கல, சோறு கொண்டு வராத' என்று சத்தமாகச் சேர்த்தேன். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்படி வைத்தேன்.

என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்குக் குழாயை மரத்தில் கட்டிவிட்டு, கரும்புக்குள் ஒளித்துவைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக ரோட்டுக்கு ஏறினேன். எனக்குப் பின்னால் நான் மயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பாலக்கோட்டில் தர்மபுரி பஸ் ஏறினேன். ஜன்னல் சீட்டு கிடைத்தது.

கவியரங்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். நாற்காலிகளுக்கு முன்னால் பந்தி மேஜைகளை அப்படியே விட்டிருந்தார்கள். கவிஞர்கள் அறுபது பேர், இலை போடுவார்கள் என்று காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். வத்தல்மலைக்காரர் காபிப் பூவை இருபது நிமிஷம் படித்தார். செல்லம்மாள் அம்மா ஆட்டைப் பற்றி எட்டே வரி படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஏழாவதாக முனியப்பன் ஐயா என் பெயரைக் கூப்பிட்டார்.

மேடை ஏறினேன். தொண்டையைக் கனைத்தேன். 'மலைமேல் வாழும் மயிலே, மேற்படி மயிலே' என்று எடுத்தேன். 'வடக்கே மலை' என்று கையை வடக்கே நீட்டினேன். சட்டைப்பையில் போன் அடித்தது.

வாணி.

எடுக்காமல் விடலாம். ஆனால் கொல்லையில் நிற்கிறவனுக்குப் போனை எடுக்க முடியாத அளவுக்கு என்ன வேலை என்று கேட்பாள். எடுத்தேன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"கொல்லையிலதான்" என்றேன். முன்னால் மைக் இருந்தது. அறுபது பேருக்கும் கேட்டது.

"சத்தத்தையே காணமே. மயிலு வந்திருக்குதா?"

"வந்திருக்குது, வந்திருக்குது. ஓட்டிட்டுதான் இருக்கேன்."

"ஓட்டுங்க, கேக்கறேன்."

"இப்பவா?"

"மயிலு இப்பத்தானங்க வந்திருக்குது."

என்ன செய்வேன்? மேடையில் நின்று கத்தினேன். "ஹோய், ஹோய். ஏய் போ. எல்லாம் போ. ஓடு."

முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். பின் வரிசையில் ஒருவர், கவிதை சூடு பிடிக்கிறது என்று நினைத்துக் கை தட்டினார். முனியப்பன் ஐயா மெதுவாக, "யாரைங்க போகச் சொல்றீங்க?" என்றார்.

"அங்க யாருங்க பேசறது?" என்றாள் வாணி.

"கருப்பண்ணன்" என்றேன்.

"சரிங்க. நான் சோறு எடுத்துட்டு பத்து நிமிசத்துல அங்க வாரேன்."

"வேணாம் வாணி. எனக்குப் பசிக்கல."

"சரிங்க" என்று வைத்துவிட்டாள். அந்தச் 'சரிங்க' எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், 'முடியாது'க்குக்கூட இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

மீதிக் கவிதையை விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். படிக்கட்டிலிருந்தே கருப்பண்ணனுக்குப் போட்டேன்.

"மச்சான், ஒரு உதவி. உடனே என் கொல்லையில போயி நில்லு. வாணி சோத்தோட வருவா. நான் ஓடப்பக்கம் ஒதுங்கியிருக்கேன்னு சொல்லு."

"எவ்ளோ நேரமா மச்சான்?"

"வயிறு சரியில்லன்னு சொல்லு. நான் ஒரு மணிக்குள்ள வந்துடறேன்."

"சொல்றேன் மச்சான். சொல்றதென்னா, தங்கச்சி இங்க பக்கத்துலதான் நிக்குது. போனு ஸ்பீக்கர்லதான் கெடக்குது."

அதற்கப்புறம் அவள் குரல் வந்தது. "பசியும் இல்ல, வயிறும் சரியில்ல. அப்ப மத்தியானச் சோறு வேணாம்தானுங்க?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். வழியில் குழுவில் செய்தி வந்தது. பொன்னாடை ஏரியூர் செல்லம்மாளுக்கு. கீழே முனியப்பன் ஐயா எழுதியிருந்தார்: 'திரு. மதியழகன் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டார். எல்லாரும் இதைப் பின்பற்ற வேண்டும்.'

ஒரு மணி வெயிலில் ஊருக்குள் நடந்தேன். என்ன திட்டு வரும், எதிலிருந்து ஆரம்பிப்பாள் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கரும்பு ஓரம் வந்ததும் குழாய்ச் சத்தம் கேட்டது. என் குரல்தான். ஆனால் 'ஹோய்' இல்லை.

"...கிழக்கே கதிரவன், மேற்கே வெண்ணிலா, இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய என் நெஞ்சத்தை..."

வேப்பமரத்தடியில், தக்காளி ஏற்றும் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு வாணி உட்கார்ந்திருந்தாள். களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே கருப்பண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தான். அவன் சாப்பிட்டது என் பங்கு.

"வாங்க" என்றாள். "வயிறு எப்படி இருக்குது?"

"எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டேன்.

"எட்டரைக்கு துணி அலசிட்டிருக்கேன். 'வாணி, எனக்குப் பசிக்கல'ன்னு சத்தம் வருது. இது நம்மாளான்னு எனக்கே சந்தேகம். கல்யாணமாயி இருவத்தினாலு வருசத்துல உங்க வாயில அந்த வார்த்தையே வந்ததில்லைங்க. காய்ச்சல்ல கெடந்தப்பகூட ரசம் இருக்குதான்னு கேட்டவங்க நீங்க. சரி, தெரியாம சொல்லிட்டீங்கன்னு நெனச்சா, மூணு நிமிசம் கழிச்சு மறுபடியும் பசிக்கல. எனக்கு பயமாப் போச்சு. ஆளுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு ஈரக்கையோட ஓடியாறேன். வந்து பாத்தா குழாய் கத்திட்டிருக்குது. அதுக்கு அடியிலயே நாலு மயிலு நின்னு தக்காளி தின்னுது."

பயந்து ஓடிவந்தேன் என்று அவள் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் அடைத்த ஒரே சந்து வழியாகத்தான் அவள் உள்ளே வந்திருக்கிறாள்.

"அப்பறம் இதை எதுக்குப் போட்ட?" என்று குழாயைக் காட்டினேன்.

"மயிலு 'ஹோய்'க்கு அசையல. என் போனுல உங்க கவித இருந்துது. அண்ணன்கிட்ட குடுத்து இதுல ஏத்தச் சொன்னேன். மொத வரி முடியலைங்க, நாலும் பறந்துருச்சு."

"சத்தத்துக்குப் பறந்திருக்கும்."

"அதே குழாய்தான, அதே சத்தம்தான? 'ஹோய்'க்கு ஏன் பறக்கல?"

"வாணி, அது மயிலை வான்னு கூப்பிடற கவித."

"கூப்பிட்டது யாருன்னு பாத்திருக்கும்."

கருப்பண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான். "மச்சான், என் மக்காச்சோளத்துல கிளி விழுவுது. கிளிக்கு ஏதாவது எழுதி வச்சிருக்கியா?"

திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. வாணி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நிதானமாகத் தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம நீங்க தொண்டைத்தண்ணி வத்த கத்த வேணாங்க. குழாய் பாத்துக்கும். ஆனா மயிலுக்கு எதுவும் ஒரு வாரத்துல பழகிடும். வாராவாரம் புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க. இங்கயே மரத்தடியில உக்காந்து எழுதுங்க. எது ஓட்டுது, எது ஓட்டலன்னு அப்பவே தெரிஞ்சுரும்."

அதாவது, கொல்லையில் உட்காராமல் இருக்கத்தான் நான் இவ்வளவும் செய்தேன். இப்போது ஞாயிறு முழுவதும் கொல்லையில் உட்கார வேண்டும், கூடவே கவிதையும் எழுத வேண்டும்.

எழுதினேன். 'மேற்படி முகிலே' மயிலை ஓட்டியது. 'தானமாய்த் தந்தேன் தென்றலே' மயிலோடு சேர்த்துக் காக்காயையும் ஓட்டியது. 'கிளியே, உனக்கொரு கிரயம்' கருப்பண்ணன் கொல்லையில் ஒரு வாரம் முழுக்க ஓடி, சோளத்தைக் காப்பாற்றியது. மேல்தெரு பச்சியப்பன் நிலக்கடலைக்கு ஒன்று வாங்கிப்போனார். ஒரே மாசத்தில் ஏழு கொல்லையில் என் கவிதை ஒலித்தது. இந்த மாவட்டத்தில் இவ்வளவு பரவலாகக் கேட்கப்படும் கவிஞன் நான் ஒருவன்தான். கேட்டவர்கள்தான் யாரும் நிற்கவில்லை.

வெளியில் சிரித்தேன். உள்ளே வலித்தது. நான் கேட்டது இரண்டு வார்த்தை. எனக்குக் கிடைத்தது, "இந்த வாரம் நல்லா ஓட்டுச்சுங்க."

சித்திரை பிறந்தது. மழையே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. இத்தனை நாளாக மயிலை எழுதியிருக்கிறேன், மயிலைப் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தேன். அது தக்காளியைக் கொத்திவிட்டுத் திருடன் மாதிரி ஓடுவதில்லை. நின்று வானத்தைப் பார்க்கிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேகம் கொஞ்சம் திரண்டது. வாணி மயிலை ஓட்ட மண்ணாங்கட்டியை எடுத்தவள், எறியாமல் அப்படியே நின்றுவிட்டாள். மழை வரவில்லை. எனக்குக் கவிதை வந்தது.

பத்திரமெல்லாம் மறந்துபோய், பார்த்ததை அப்படியே எழுதினேன்.

தக்காளியை ஒரு கொத்துக் கொத்திவிட்டு
வானத்தைப் பார்க்கிறது மயில்.
மழை வருமா என்று
நானும் பார்க்கிறேன்.
எங்களை விரட்ட மண்ணாங்கட்டி எடுத்தவள்
அதைக் கையில் வைத்துக்கொண்டே
அவளும் பார்க்கிறாள்.

தொண்டை கட்டியிருந்தது. கத்த முடியாமல், பேசுகிற குரலிலேயே பதிந்தேன். ஞாயிறு காலை குழாயில் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு வாணி மோரோடு வந்தாள். சொம்பை என்னிடம் நீட்டினவள், நான் வாங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. கவிதை ஒரு தடவை முடிந்தது. நின்றாள். இரண்டாவது தடவை ஓடியது. அதையும் நின்று கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றுதான் சொல்வாள், நான் கேட்கவில்லை.

"இது நல்லா இருக்குதுங்க" என்றாள்.

சத்தியமாகச் சொன்னாள். என் இரண்டு காதாலும் கேட்டேன். மோர் என் சட்டையெல்லாம் சிந்தியது. இருபத்தினாலு வருஷத்தில் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்ததில்லை.

"நெசமாத்தான் சொல்றியா?" என்றேன்.

"நெசமாத்தாங்க. அங்க பாருங்க."

அவள் காட்டிய பக்கம் திரும்பினேன். கட்டியிருந்த சேலைக்கு இந்தப் பக்கம் ஆறு மயில்கள் நின்றன. குழாயைப் பார்த்துத் தலையைச் சாய்த்து ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. மீதி ஐந்தும் கேட்டுக்கொண்டே தக்காளி தின்றன. கருப்பண்ணன் சோளத்திலிருந்து கிளிக்கூட்டம் ஒன்று வேப்பமரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணும் நகர மாட்டேங்குதுங்க" என்றாள் வாணி, குழாயை அணைத்துக்கொண்டே. "இது வேணாம். பழையபடியே எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் கொல்லையில் ஒரு மயில்கூட இல்லை.